உப்புத் தண்ணி வீட்டில் பசுமைப் பழக்கம்: எதில் தொடங்குவது?

ஜூன் 4, காலை. கேள்வி, ராமநாதபுரம் கடலோரத்து உச்சிப்புளியிலிருந்து ஒரு வாசகி

பாத்திரம் கழுவிய தண்ணியைச் செடிக்கு விடு, ஆர்.ஓ. சுத்திகரிப்பு எந்திரத்தின் கழிவு நீரை வீணாக்காதே, சமையலறைக் கழிவை மண்ணில் புதை என்று எல்லாரும் சொல்கிறார்கள். அப்படியே செய்தோம். மூன்று மாதத்தில் வாழை இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது, மண்மேல் வெள்ளை பூத்துவிட்டது. இந்தப் பழக்கமெல்லாம் நம் கரைக்கு ஒத்துவராதா?

ஜூன் 4, இரவு

ஒத்துவரும் அக்கா. ஆனால் வேறு ஊருக்காக எழுதிய வரிசையில் வராது. இங்கே முதல் கேள்வி தண்ணியை எப்படி மிச்சம் பிடிப்பது என்பதல்ல, எந்தத் தண்ணியில் எவ்வளவு உப்பு என்பதுதான். உங்கள் வாழை தண்ணி இல்லாமல் கருகவில்லை, உப்பால் கருகியது. தண்ணி போதாத வாழை இலை துவண்டு மடியும். உப்பு ஏறிய வாழையில் அடி இலைகளின் ஓரத்திலிருந்து பழுப்புக் கோடு உள்ளே நகரும், நடுப்பகுதி பச்சையாகவே இருக்கும். நீங்கள் சொல்வது இரண்டாவது.

முதல் வேலை, கையடக்க டி.டி.எஸ். மீட்டர் (தண்ணியில் கரைந்த உப்பை அளப்பது) ஒன்று வாங்குங்கள். வீட்டில் வரும் ஒவ்வொரு தண்ணியையும் தனித்தனி டம்ளரில் பிடித்து முக்கிப் பாருங்கள்: காவிரிக் கூட்டுக் குடிநீர், கிணறு அல்லது போர், ஆர்.ஓ.வில் கழிந்து வருவது, துணி அலசியது. நான்கு எண்களையும் சமையலறைச் சுவரில் எழுதி வையுங்கள். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை. செடிக்கும் ஏறக்குறைய இதே கணக்கை வைத்துக்கொள்ளலாம். 500க்குள் இருந்தால் கவலையில்லை. 1,000 தாண்டினால் வாழை, மல்லிகை, அவரை முகம் சுளிக்கும். 2,000க்கு மேல் தென்னை, சப்போட்டா, பூவரசு, பனை போன்றவற்றுக்கு மட்டும்தான், அதுவும் நன்றாக வடியும் மணலில்.

ஆர்.ஓ. கழிவு ஏன் ஆகாது என்பது எளிய கணக்கு. வீட்டு எந்திரங்கள் பெரும்பாலும் 4 லிட்டர் வாங்கி 1 லிட்டர் நல்ல தண்ணி தந்து 3 லிட்டரை வெளியே விடும். உள்ளே போகும் தண்ணி 1,500 என்றால், அந்த நாலு லிட்டரின் உப்பு முழுக்க மூன்று லிட்டரில் அடைந்து வெளியே வரும்போது கிட்டத்தட்ட 2,000 ஆகிவிடும். அது கழிப்பறைக்கும் மாப் போடவும் போகட்டும். காவிரித் தண்ணி 500க்குள் காட்டினால் ஆர்.ஓ.வே தேவையில்லை, கொதிக்கவைத்து ஆறவைத்தால் போதும்.

ஜூன் 6

நேற்றிலிருந்து ஒரு விஷயம் மனதில் உறுத்துகிறது. துணி அலசிய தண்ணி, ஆர்.ஓ. தண்ணி என்றெல்லாம் பேசினேன். நம் வீடுகளில் செடியைக் கொல்லும் முக்கியத் தண்ணியைச் சொல்லவே இல்லை. அது மீன் கழுவிய தண்ணி.

மீன் ரத்தத்தில் சத்து இருக்கிறது என்று முருங்கைக்கு ஊற்றுகிறோம். சத்து இருப்பது உண்மைதான். ஆனால் வழவழப்புப் போக ஒரு பிடி கல்லுப்பைப் போட்டு உரசுகிறோமே, அங்கேதான் வினை. 30 கிராம் கல்லுப்பு 5 லிட்டரில் கரைந்தால் லிட்டருக்கு 6 கிராம், மீட்டர் கணக்கில் 6,000. கடல் தண்ணி சுமார் 35,000. கடலில் ஆறில் ஒரு பங்கைச் செடியின் அடியில் ஊற்றுகிறோம்.

மாற்றிச் செய்யும் முறை இது. செதிலைத் தண்ணி இல்லாமல், பழைய செய்தித்தாள் மேல் வைத்துச் சீவுங்கள். செதில், குடல், செவுள் எல்லாம் தாளோடு சேர்ந்து புதைகுழிக்குப் போகும், தொட்டி அடைக்காது. பிறகு அரிசி களைந்த முதல் தண்ணி ஒரு லிட்டரில் மீனைப் போட்டு, ஒரு பிடி தவிடோ சோளமாவோ தூவி உரசுங்கள். வழவழப்பு மாவோடு திரண்டு வந்துவிடும். இரண்டாவது அலசலுக்கு இன்னொரு லிட்டர். இந்த இரண்டும் செடிக்குப் போகலாம். வாடை போக உப்பும் மஞ்சளும் வேண்டும் என்றால் கடைசி அலசலில் மட்டும் போடுங்கள். அந்தத் தண்ணி சாக்கடைக்குப் போகட்டும், வருத்தப்பட வேண்டாம்.

கணவாய் கழுவும்போது மை கலந்து வரும் தண்ணிக்கும் இதே வரிசைதான். கருவாடு ஊறவைத்த தண்ணி மட்டும் எந்தச் செடிக்கும் ஆகாது, தென்னைக்குக்கூட.

ஜூன் 7

திருத்தம். ரத்தத் தண்ணியை அப்படியே ஊற்றச் சொன்னது போல் ஆகிவிட்டது. மேல்மண்ணில் ஊற்றினால் ஈ மொய்க்கும், பூனை தோண்டும். தண்டிலிருந்து மூன்றடி தள்ளி அரையடிப் பள்ளம் பறித்து, அதில் ஊற்றி மணலால் மூடுங்கள். நாளுக்கு ஒரு பக்கமாகச் சுற்றி வாருங்கள்.

ஜூன் 15

கீழக்கரையிலிருந்து ஒரு காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) கேட்டிருக்கிறார்: காலையில் மோட்டார் போடும்போது தண்ணி நன்றாக வருகிறது, தொட்டி நிறையும் நேரத்தில் உவர்க்கிறது, போர் கெட்டுவிட்டதா?

போர் கெடவில்லை காக்கா, நாம் அவசரப்படுகிறோம். கடலோர மணலுக்கு அடியில் மழை நீர் தனியாகத் தேங்கி, அதைவிடக் கனமான உப்புத் தண்ணியின்மேல் மிதக்கிறது. எண்ணெய் தண்ணிமேல் மிதப்பது போல என்று நினைத்துக்கொள்ளலாம், ஆனால் இவை இரண்டும் கலந்துவிடக்கூடியவை. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி உயர்ந்தால், கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. அதையே திருப்பிப் பாருங்கள். உறிஞ்சி ஒரு அடி இறக்கினால் உப்பு கீழிருந்து 40 அடி மேலேற வழி பிறக்கிறது. அதனால்தான் பக்கத்து வீட்டைவிட ஆழமாகப் போர் போடுகிறவருக்கு உவர்த் தண்ணி முதலில் வருகிறது. மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் மொண்டு குடம் நிரப்புகிறார்களே, அது பொறுமைக்காக மட்டும் இல்லை. மேல் விளிம்பில் இருக்கும் நல்ல தண்ணியை மட்டும் கலக்காமல் எடுக்கும் முறை அது. தங்கச்சிமடம் பக்கம் கடலுக்குள்ளேயே வில்லூண்டி தீர்த்தம் இனிப்பதை வைத்து மண்ணுக்குள் நன்னீர் எப்படி நிற்கிறது என்று குழந்தைகளுக்கு விளக்கலாம்.

வீட்டில் செய்ய வேண்டியது: மோட்டார் போட்டதும் ஒரு டம்ளர் பிடித்து அளந்து எழுதுங்கள். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மறுபடி அளக்கவும். எண் ஏறத் தொடங்கும் நிமிஷம்தான் உங்கள் கிணற்றின் எல்லை. 15 நிமிஷத்தில் ஏறினால் 12 நிமிஷத்தில் நிறுத்துங்கள், இரண்டு மணி நேரம் விட்டு மறுபடி போடுங்கள். திறந்த கிணறாக இருந்தால் உறிஞ்சு குழாயின் அடி வால்வைத் தரையில் கிடத்தாமல், தண்ணி மட்டத்துக்கு ஒன்றரை அடி கீழே தொங்கவிடுங்கள். மட்டம் இறங்கினால் காற்று இழுத்து மோட்டார் சத்தம் மாறும், உடனே நிறுத்திவிட வேண்டும். தண்ணியில்லாமல் ஓடவிட்டால் மோட்டாரின் சீல் எரிந்துபோகும்.

சொட்டும் குழாயையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். உவர்த் தண்ணி பித்தளைக் குழாயில் வாஷர் உட்காரும் இடத்தையே அரித்துவிடும், வாஷர் மாற்றி மாற்றிப் பயனில்லை. அடியில் டம்ளர் வைத்துப் பாருங்கள். பத்து நிமிஷத்தில் 200 மில்லி நிறைந்தால் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 29 லிட்டர், இரண்டு குடம். கரையோர வீட்டுக்குப் பிளாஸ்டிக் குழாய்தான் நீடிக்கிறது.

ஜூன் 29

மட்கு உரம் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நம் ஊர்க் குழியில் மட்குவதில்லை, காய்ந்துபோகிறது. கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் மேல்பகுதி இரண்டே நாளில் சருகாகிவிடும். மணல் குழி ஈரத்தைக் கீழே விட்டுவிடும். ஆகவே மண்ணில் குழி வேண்டாம். 20 லிட்டர் வாளியில் அடியில் ஆறு ஓட்டை, அதன் கீழே தட்டு, மேலே மூடி.

ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகு, எடையில் அல்ல, கைப்பிடி அளவில். பூவரசு, புங்கை, வேம்பு எதுவானாலும் சரி. பிடித்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் சருகு சேருங்கள், ஒன்றும் வராவிட்டால் அரிசி களைந்த தண்ணி தெளியுங்கள். ஊறுகாய், கருவாட்டுத் தலை, உப்புப் போட்ட மிச்சச் சோறு, அப்பளம் சேர்க்கக் கூடாது. உப்பு மட்கிப் போகாது, அப்படியே உரத்தில் தங்கும்.

சீமைக் கருவேல நெற்றையும் தயவுசெய்து போடாதீர்கள். ஆட்டின் வயிற்றைக் கடந்தே முளைக்கும் விதை அது. வீட்டு வாளியின் சூட்டுக்கு அசையாது. உரம் போட்ட தொட்டியில் எல்லாம் முள் செடி எழும்பும். அதன் கரி மட்டும் நமக்கு நல்லது. கரிமூட்டம் போட்ட இடத்தில் கொட்டிக் கிடக்கும் தூளை வாங்கி, அரைத்த மட்குடன் சம அளவில் கலந்து இரண்டு வாரம் ஈரமாக வைத்து, பிறகு ஒன்பது பங்கு மணலுக்கு ஒரு பங்காகச் சேருங்கள். மணலில் நிற்காத சத்தைக் கரி பிடித்துவைக்கும். ஊறவைக்காமல் போட்டால் முதலில் உரத்தைத் தானே உறிஞ்சிக்கொண்டு செடியைப் பட்டினி போடும்.

மீன் கழிவுக்கு வாளி வேண்டாம், புழு வைத்துவிடும். ஒன்றரை அடிக் குழியில் போட்டு மண் தள்ளி, மேலே பனங்கருக்கு மட்டை நாலைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து ஒரு கல் ஏற்றுங்கள். நாய் ஒரு முறை மூக்கை வைத்துப் பார்க்கும், மறுபடி வராது. நண்டு ஓட்டைக் காயவைத்துப் பொடித்து மேலே தூவலாம், சுண்ணாம்புச் சத்து.

ஜூலை 2

மேலே நண்டு ஓட்டைப் பற்றி எழுதியதை அடித்துவிடுங்கள். செம்மண் ஊருக்கு அது சரி. நம் மணலிலேயே சிப்பித் துகள் நிறையக் கிடக்கிறது, சுண்ணாம்பு ஏற்கெனவே அளவுக்கு மிஞ்சி இருக்கிறது. அதோடு நண்டு ஓடு, முட்டை ஓடு, அடுப்புச் சாம்பல் சேர்த்தால் மண்ணின் காரத்தன்மை ஏறி, இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் வேருக்கு எட்டாது. அதன் அடையாளம் தெளிவானது: இளம் இலை மஞ்சளாகும், நரம்புகள் மட்டும் பச்சையாக வரைந்த மாதிரி நிற்கும். அந்தச் செடிக்கு மட்கு உரமும் சருகு மூடாக்கும் போடுங்கள், சாம்பலை நிறுத்துங்கள். நண்டு ஓடு மீன் குழிக்குள்ளேயே போகட்டும்.

சாம்பலை என்ன செய்வது என்றால், பாத்திரம் தேய்க்கலாம்.

ஜூலை 5

மீன் அமிலம் (மீன் கழிவை வெல்லத்தில் ஊறவைத்த தெளிப்பு உரம்) அளவு கேட்ட தொண்டி வாசகருக்கு: மீன் கழிவு 1 கிலோ, நாட்டு வெல்லம் 1 கிலோ. கருப்பட்டி போட்டால் அதன் விலைக்குக் கட்டுப்படியாகாது. கழிவை அலசாமல் வடிகட்டிச் சின்னத் துண்டாக்கி, வெல்லத்தோடு பிசைந்து பிளாஸ்டிக் டப்பாவில் முக்கால்வாசி மட்டும் நிரப்பவும். வாயைத் துணியால் கட்டுங்கள், இறுக்கி மூடினால் வாயு சேர்ந்து தெறிக்கும். நிழலில் 21 நாள். சரியாக வந்திருந்தால் பழம் அழுகின மாதிரி இனிப்பு வாடை வரும். நாறினால் வெல்லம் குறைந்திருக்கிறது, அரைக் கிலோ சேர்த்து இன்னும் பத்து நாள் வையுங்கள். லிட்டருக்கு 5 மில்லி கலந்து மாலையில் தெளிக்க வேண்டும். உச்சி வெயிலில் தெளித்தால் இலை பொசுங்கும். உப்புத் தடவிய கழிவை இதற்கும் எடுக்கக் கூடாது.

ஜூலை 20

துணி துவைக்கப் பூந்திக்கொட்டையை ஒருவர் நினைவுபடுத்தினார், நன்றி. கடினத் தண்ணியில் சோப்பு நுரைக்காமல் வெள்ளைப் பிசுக்காகத் திரியும், பூந்திக்கொட்டைக்கு அந்தச் சிக்கல் இல்லை. விதை நீக்கிய தோல் 12, ஒரு லிட்டர் தண்ணி, 15 நிமிஷம் கொதி, ஆறியதும் பிசைந்து வடிகட்டு. ஒரு வாளிக்கு 100 மில்லி போதும். மூன்று நாளுக்குமேல் வைத்தால் புளிக்கும். வெள்ளைச் சட்டை நாளடைவில் மஞ்சளாகும், பள்ளிச் சீருடைக்கு வேண்டாம்.

ஒரு எச்சரிக்கையைப் பெரிதாகச் சொல்ல வேண்டும். பூந்திக்கொட்டைத் தண்ணியை ஊருணியிலோ கடலோரக் குட்டையிலோ ஊற்றாதீர்கள். அது மீனின் செவுளைத் தாக்கும். இயற்கைப் பொருள் என்பதாலேயே எல்லாருக்கும் நல்லது ஆகிவிடாது. மண்ணில் ஊற்றினால் மட்கிவிடும்.

சோப்புத்தூளைத் தொடர்ந்து பயன்படுத்துகிறவர்கள், தூளைவிடத் திரவம் எடுத்தால் சோடியம் குறையும். தூளின் கனத்தில் ஒரு பெரும் பங்கு சோடா உப்புகள்தான். துணி அலசிய முதல் தண்ணி கழிப்பறைக்கு, இரண்டாவதும் மூன்றாவதும் தென்னைக்கு.

ஆகஸ்ட் 11

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக. பழைய மின்விசிறி 75 வாட், மின்சாரம் குறைவாக எடுக்கும் புதுவகை பி.எல்.டி.சி. விசிறி 35க்குள். நாளுக்கு 15 மணி நேரம் ஓடும் ஒரு விசிறியை மாற்றினால் இரண்டு மாதக் கட்டணத்தில் 36 யூனிட் குறையும். முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் சிறு குடும்பத்துக்கு இதுவே கணிசம்.

கூரைச் சூரியத் தகடு போடுகிறவர்கள் உப்புக் காற்றுக்கான ஐ.இ.சி. 61701 சோதனை பெற்ற தகடா என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். தகட்டைவிட முதலில் போவது போல்ட்தான். அலுமினியச் சட்டமும் இரும்பு போல்ட்டும் நேராகத் தொட்டால் உப்பு ஈரத்தில் அலுமினியம் பொரிந்துவிடும். துருப்பிடிக்காத எஃகு போல்ட், நடுவே நைலான் வாஷர். கழுவுவது விடியற்காலையில், காவிரித் தண்ணியிலோ மழைத் தண்ணியிலோ. போர் தண்ணியில் கழுவினால் காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி ஒட்டிக்கொள்ளும், தேய்த்தால் கண்ணாடி கீறும்.

செப்டம்பர் 8

வாடை மழைக்கு (வடகிழக்குப் பருவமழை) ஒரு மாதம்தான் இருக்கிறது. மழைநீர் சேகரிப்பு 2003லேயே தமிழ்நாட்டில் கட்டாயமானது, பல வீடுகளில் குழாயும் இருக்கிறது, ஆனால் மணல் அடைத்துக் கிடக்கிறது. இப்போதே ஒரு வாளி தண்ணியை மாடியில் ஊற்றி எங்கே வெளிவருகிறது என்று பாருங்கள்.

500 சதுர அடி மாடி என்றால் சுமார் 46 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் மழை 460 லிட்டர், தெறிப்பும் உறிஞ்சலும் போகக் கைக்கு வருவது 370, ஏறக்குறைய 24 குடம். முதல் மழையை ஒதுக்க நாலு அங்குலக் குழாயில் ஒரு மீட்டர் துண்டை டி இணைப்பில் கீழ்நோக்கிப் பொருத்தி அடியை மூடிவிடுங்கள்.

செப்டம்பர் 9

நேற்றுச் சொன்ன ஒரு மீட்டர் குழாய் போதாது. அதில் எட்டரை லிட்டர்தான் பிடிக்கும். நம் மாடிகளில் ஆறு மாத உப்புத்தூள், காக்கை எச்சம், கருவாடு காயப்போட்ட பிசுக்கு எல்லாம் ஒட்டியிருக்கிறது. குறைந்தது 2 மில்லிமீட்டர் மழையை ஒதுக்க வேண்டும், அந்த மாடிக்கு 92 லிட்டர். ஆகவே குழாய்க்குப் பதில் 100 லிட்டர் டிரம். டி இணைப்பின் கீழ்க்கை டிரம்முக்குப் போகட்டும். டிரம் மூடி இறுக்கமாக இருந்தால் நிறைந்ததும் தண்ணி தானாகப் பக்கக்கை வழியே தொட்டிக்குத் திரும்பும். மூடி கசிந்தால் எல்லாம் தரையில் ஓடும், இணைப்பில் ரப்பர் வளையம் போடுங்கள். டிரம் அடியில் ஒரு குழாய் வைத்து, நூல் கனத்துக்குச் சொட்டவிட்டால் அடுத்த மழைக்குள் காலியாகிவிடும். பூச்சிமருந்து வந்த டிரம் எந்தக் காரணத்துக்கும் கூடாது.

தொட்டியின் எல்லா வாயிலும் கொசுவலை. டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்க 7 முதல் 10 நாள் போதும், தெளிந்த தண்ணியைத்தான் தேடி வரும்.

அக்டோபர் 19

முதல் நல்ல மழை. உச்சிப்புளி அக்கா, இன்று மழைத் தண்ணி முழுவதையும் தொட்டிக்கு அனுப்ப வேண்டாம். வெள்ளை பூத்த வாழைப் பாத்தியைச் சுற்றி அரையடி வரப்புக் கட்டி, டிரம் நிறைந்த பிறகு வரும் தண்ணியை அங்கே திருப்புங்கள். சதுர மீட்டருக்கு 100 லிட்டர் நின்று வடிந்தால் மேல்மண் உப்பு வேருக்குக் கீழே இறங்கும். கொஞ்சமாகத் தெளித்தால் இறங்காது, ஆவியாகி மறுபடி மேலே வரும். வடிந்த மறுநாள் சருகு மூடாக்கு மூன்று விரற்கடை கனத்துக்கு.

நவம்பர் 2

கொடிப் பந்தலுக்குப் பழைய மீன் வலை கட்டலாமா என்ற கேள்விக்குத் தாமதமான பதில். கனமான நைலான் வலையை இழுத்து விறைப்பாகக் கட்டினால் பாகலும் பீர்க்கும் ஏறும். மெல்லிய நரம்பு வலை வேண்டாம். தொய்ந்தால் ஓணான், சாரைப்பாம்பு, குயில் எல்லாம் சிக்கும். வெட்டிய துண்டுகளைக் கொல்லையில் விடாதீர்கள். வாடைக் காற்றில் ஒரு இரவுக்குள் கடலில் போய்ச் சேரும், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி ஆமைகள் மேய்கின்றன. துண்டுகளை ஒரு சாக்கில் சேர்த்து வைத்தால் பழைய வலை எடுக்கிறவர்கள் எடை போட்டு வாங்கிக்கொள்வார்கள்.

மீன் வாங்கப் போகும்போது மூடியுள்ள தூக்குச்சட்டி எடுத்துப் போங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பை 2019 ஜனவரி 1 முதல் தடை, ஆனாலும் கேட்காமலே போட்டுத் தந்துவிடுகிறார்கள். கூடை நிறைய வாங்குகிறவர்களுக்குப் பனையோலைப் பெட்டி. அடியில் ஒரு பூவரச இலை விரித்தால் ஓலை ரத்தம் உறிஞ்சாது, வீட்டுக்கு வந்ததும் கழுவி நிழலில் கவிழ்த்துவைத்தால் பூசணம் பிடிக்காது.

நவம்பர் 16

டி.டி.எஸ். மீட்டர் எண் தாறுமாறாகக் காட்டுகிறது என்கிறார் கீழக்கரைக் காக்கா. முனையில் உப்புப் படிந்திருக்கும். வினிகரில் ஐந்து நிமிஷம் முக்கி, மழைத் தண்ணியில் அலசி, மழைத் தண்ணியையே அளந்து பாருங்கள். 50க்குள் வந்தால் மீட்டர் சரி. வராவிட்டால் பேட்டரியை மாற்றிவிட்டு மறுபடி அளக்கவும்.